மஞ்சள் பைக்கு அடுத்து நான்: ஏஐ ஏஜென்ட் இன்வாய்ஸ் பார்க்கும் விதம்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாதச் சந்தாவில் ஆன்லைன் வகுப்பு நடத்துகிறாராம், பணம் வசூலிக்க ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை. "யார் யார் இன்னும் கட்டவில்லை என்று ஏஐ ஏஜென்டிடம் கேட்டேன், டக்கென்று பட்டியல் கொடுத்துவிட்டது. என் கணக்கு அதற்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. ஏஜென்ட் என்பது மற்ற மென்பொருள்களைக் கொண்டு நமக்காக வேலை பார்க்கும் ஏஐ. அதற்குள் இருக்கும் மொழி மாதிரிக்கு, அதாவது கேள்வியைப் படித்துப் பதில் எழுதும் பகுதிக்கு, உங்கள் கணக்கு வழக்கு ஒரு மண்ணும் தெரியாது. அது செய்வது ஒரு சீட்டு எழுதுவது மட்டும்தான். ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (MCP) என்ற பொது நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் "இங்கே இன்னின்ன டூல்கள் (ஏஜென்ட் கேட்டுச் செய்துகொள்ளக்கூடிய வேலைகள்) உண்டு, ஒவ்வொன்றிலும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இவை" என்று ஏஜென்டுக்கு ஒரு விவரம் போய்விடும். நீங்கள் கேள்வி கேட்டதும் மாதிரி அதில் 'இன்வாய்ஸ் பட்டியல்' என்ற டூலைத் தேர்ந்தெடுத்து, கட்டங்களை நிரப்பி, சீட்டை நீட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் சாதாரண மென்பொருள் அதை வாங்கி, உங்கள் சாவியை (கடவுச்சொல் போன்ற ரகசிய எழுத்து வரிசை) காட்டி ஸ்ட்ரைப் சர்வரிடம் கேட்டு, வந்த பதிலை எழுத்தாகவே மாதிரியிடம் திருப்பிக் கொடுக்கிறது. அதைப் படித்துத்தான் உங்களுக்குப் பதில். ஜோசியம் எதுவும் இல்லை.

சரி, இதுவரை எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்.

உங்களிடம் 137 இன்வாய்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். ஸ்ட்ரைப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தராது. எண்ணிக்கை எதுவும் சொல்லாமல் கேட்டால் 10, அதிகபட்சம் 100, புதியது மேலே. மிச்சத்தை எப்படிக் கேட்பது? "இரண்டாம் பக்கம் கொடு" என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும், ஆனால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது. நீங்கள் முதல் பத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவரின் சந்தா புதுப்பிக்கப்பட்டு, புது இன்வாய்ஸ் ஒன்று பட்டியலின் தலையில் வந்து உட்காருகிறது. எல்லாம் ஒரு படி கீழே இறங்கும், பத்தாவதாக இருந்தது பதினொன்றாகிவிடும், இரண்டாம் பக்கத்தைத் திறந்தால் அதே ஆள் மறுபடியும் நிற்பார். கூட்டினால் அவர் பணம் இரண்டு தடவை சேர்ந்துவிடும்.

ரேஷன் கடை வரிசையில் பையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர் "எனக்கு எட்டாவது இடம்" என்று மனதில் வைத்துக்கொள்வதில்லை. "மஞ்சள் பைக்கு அடுத்து நான்" என்றுதான் வைத்துக்கொள்வார். முன்னால் நாலு பேர் நுழைந்தாலும் மஞ்சள் பை இருக்கும் வரை அவர் இடம் குழம்பாது. ஸ்ட்ரைப் செய்வதும் அப்படியே. கடைசியாகப் பார்த்த இன்வாய்ஸின் அடையாளத்தைக் கொடுத்து, "இதற்கு அடுத்து இருப்பவை" என்று கேட்க வேண்டும். தலையில் எத்தனை புதிது வந்து விழுந்தாலும் நாம் இறங்கும் பாதை மாறாது. இன்னொரு லாபமும் உண்டு. பக்க எண்ணைச் சொன்னால் தரவுத்தளம் மேலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டியிருக்கும், மஞ்சள் பையைக் காட்டினால் நேராக அந்த இடத்தில் போய் இறங்கிவிடலாம். இத்தனை சின்ன யோசனை, இத்தனை வேலை!

ஒவ்வொரு தடவை வரும் பட்டியலோடும் 'இன்னும் இருக்கிறதா' என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு குறிப்பும் வரும். ஏஜென்ட் சறுக்குவது இங்கேதான். ஸ்ட்ரைப் ஏஜென்டுகளுக்காக வெளியிட்ட பழைய இன்வாய்ஸ் பட்டியல் டூலில் வாடிக்கையாளர், எண்ணிக்கை என்று இரண்டே கட்டங்கள்தான், மஞ்சள் பையைச் சொல்ல இடமே இல்லை. அப்படிப்பட்ட டூலோடு, பத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதுதான் மொத்தம் என்பதுபோல ஒரு தொகையை ஏஜென்ட் சொல்லிவிடலாம், அதுவும் துளி தயக்கமில்லாமல். ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் எத்தனை வரி படித்தாய் என்று கேட்காமல் இயந்திரம் சொன்ன தொகையை நம்புவதை மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன்.

தொகையிலும் ஒரு பொறி உண்டு. 25 டாலர் இன்வாய்ஸ் பதிலில் 2500 என்றுதான் வரும், ஏனென்றால் கணக்கு சென்ட்டில். ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை கிடையாது என்பதால் அங்கே 2500 என்றால் 2500 யென்னேதான்.

அப்புறம், "தவறிப்போய் யாருக்காவது பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுமா?" என்றும் அவர் கேட்டிருந்தார். பட்டியல் டூல் பார்க்க மட்டும்தான். ஆனால் எல்லா அதிகாரமும் உள்ள சாவியைக் கொடுத்துவிட்டு அதை நம்பி உட்காராதீர்கள். இன்வாய்ஸைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பட்ட சாவியை ஸ்ட்ரைப்பிலேயே உருவாக்க முடியும். அதைக் கொடுத்தால், ஏஜென்ட் வேறு சீட்டு எழுதி நீட்டினாலும் சர்வர் வாங்காது.