சஞ்சாரி: வழக்கம் போல

என் பழைய நோட்டுப் புத்தகத்தில், பரதத்தில் ஆடும் பதவர்ணம் என்ற நீண்ட உருப்படி ஒன்றின் சரண வரிக்கு எதிரே பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன்: 'சஞ்சாரி: வழக்கம் போல.' அப்போது எனக்குப் பதினாறு வயது. ஒரே வரியின் பொருளை அபிநயத்தால் பல விதமாக விரித்துக் காட்டுவதுதான் சஞ்சாரி. வாத்தியார் அந்த ஒரு வரிக்கு மூன்று விதமாக அபிநயம் பிடிப்பார். தினமும் பார்ப்பதை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். இன்று வாத்தியார் இல்லை. பரதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த வரி வரும்போதெல்லாம் நானாக ஏதோ ஒன்றைச் செய்துகாட்டிச் சமாளிக்கிறேன்.

"இப்போதுதான் எல்லாவற்றையும் செல்பேசியில் எடுத்துவிடுகிறோமே" என்பார்கள் பெற்றோர்கள். சென்ற மாதம் ஒரு சிறுமி அடிப்படை அடவுகளில் ஒன்றான நாட்டடவை வீடியோ பார்த்துப் பழகி ஆடிக்காட்டினாள். தாளம் பிசகவில்லை. ஆனால் வலப்பக்கம் தொடங்க வேண்டியதை இடப்பக்கம் தொடங்கினாள். திரையில் எதிரே நிற்பவரைக் கண்ணாடிபோல் பார்த்து ஆடியதால் வந்த வினை. அது போகட்டும், ஒரே நாளில் திருத்திவிடலாம். முழங்காலை மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் அவள் பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தது, முழங்காலோ முன்னோக்கி நின்றது. இப்படியே ஆடினால் முழங்காலுக்குத்தான் கேடு. "இடுப்பிலிருந்து திருப்பு" என்று அவள் காலைப் பார்த்துச் சொல்ல வீடியோவுக்கு வாய் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நோட்டு நினைவு வந்துவிடும். ராஜராஜன் அங்கே கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, அவர்கள் பெயரையும், தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதையும்கூடக் கல்லில் வெட்டிவைத்தான். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது வரை கணக்கு இருக்கிறது. அவர்கள் என்ன ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்பது அதில் இல்லை. விமானத்தின் மேல்தளத்தில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும், கையும் காலும் இணைந்த 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. செதுக்கியவையும் ஒரு கணத்தின் நிலைதான். கரணம் என்பது நின்ற கோலம் அல்ல, அசைவு என்பதைப் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஏட்டையும் சிலையையும் ஒப்பிட்டு ஆய்ந்து, தாமே ஆடியும் காட்டினார். ஆடத் தெரிந்தவர் ஆராய்ந்ததால் கிடைத்த பலன் அது. ஆய்வு என்றால் ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத வேலை என்று நினைக்கும் மாணவிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒழுங்குபடுத்திக் கொடுத்த கச்சேரி முறை இன்னும் மேடையில் இருக்கிறது. அதன் நடுநாயகம் வர்ணம். நேரம் குறைவு என்று விழாக்காரர்கள் சொன்னால் நாம் முதலில் கத்தரி வைப்பதும் வர்ணத்தில்தான். தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதியைத் தொட மாட்டோம், கைதட்டல் அங்கேதானே! சஞ்சாரி போய்விடும். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். இப்போது நேரம் போதாவிட்டால் வர்ணத்தை விட்டுவிட்டு அபிநயத்துக்கான ஒரு பதத்தை முழுதாக ஆடவைக்கிறேன்.

அரங்கேற்றம் முடிந்ததும் வகுப்பை நிறுத்துபவர்கள் அதிகம். தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் பழகுகிறவர்கள் மிகக் குறைவு. தட்டுக்கழியைப் பிடித்து, சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லி, இன்னொருத்தியை ஆடவைத்தால்தான் பாட்டு தாளத்தில் தொடங்கும் எடுப்பு எங்கே விழுகிறது என்று உடம்புக்குப் புரியும். பதிவு செய்த இசை ஆடுபவளின் மூச்சைப் பார்க்காது; நட்டுவனார் பார்ப்பார், காலப்பிரமாணம் (வேகம்) கெடாமல் அவளை ஏந்திக்கொள்வார். இந்த வித்தை தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் ஆடக் கேட்காதீர்கள், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். அவர்கள் ஒரு மாணவியைத் திருத்துவதைப் பதிவு செய்யுங்கள். எது யாருடைய ஜதி, யாரிடம் கற்றது என்று பெயரோடு எழுதுங்கள்.

சென்ற வாரம், என்னோடு படித்தவளைத் தேடிப் போனேன். அவள் மேடையேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் அந்தச் சரண வரியைப் பாட, சமையலறையில் நின்றபடியே கையை எடுத்தாள். முதல் சஞ்சாரி வந்தது, வாத்தியாரின் அந்தப் பக்கப் பார்வையோடு. இரண்டாவதில் பாதியில் கை நின்றுவிட்டது. மறுபடி பாடினேன், அங்கேயே நின்றது. வந்தவரைக்கும் எழுதிக்கொண்டேன். கீழே அவள் பெயர், தேதி.