மூடிய பிறகுதான் பயம்: மக்கோண்டோ கிணற்றை அடைத்த கதை

கடலடி எண்ணெய்க் கிணறு உடைந்து கக்கும்போது, அதன் வாயில் கனமான மூடியொன்றை இறக்கி அடைத்துவிட முடியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் உயிரிழந்த பிறகு, பலரும் கேட்ட கேள்வி இது. மக்கோண்டோ எனப்படும் அந்தக் கிணற்றின் வாய் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்ததால், அங்கே எல்லா வேலையையும் மேலிருந்து இயக்கப்பட்ட ரோபோக்களே செய்தன.

மே மாதம் இறக்கிய எஃகுக் கூண்டு, மீத்தேனும் குளிர்ந்த நீரும் சேர்ந்து உருவான ஹைட்ரேட் படிகங்களால் அடைபட்டுப் பயனற்றுப் போயிற்று. மாத இறுதியில் கனமான துரப்பணச் சேற்றைச் செலுத்தி, அதன் எடையாலேயே எண்ணெயை அமுக்க முயன்றார்கள். பாய்ந்து வந்த எண்ணெய் சேற்றையும் அடித்துக்கொண்டு வெளியேறியது. வால்வுகள் கொண்ட புதிய மூடியைப் பொருத்தி, ஜூலை 15 அன்று அவற்றைச் சாத்திய பிறகே, 87 நாள் நீடித்த கசிவு நின்றது.

உண்மையான அச்சம் அப்போதுதான் தொடங்கியது. கிணற்றின் எஃகுக் குழாய் உள்ளே எங்கேனும் விரிசல் கண்டிருந்தால், வாய் அடைபட்ட எண்ணெய் பக்கவாட்டில் பாறைக்குள் புகுந்து, கடல்தரையையே பிளந்துகொண்டு வெளிவரும். அதன் பின் அடைப்பதற்கு ஒரு வாயே இராது. மூடிக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 7,500 பவுண்டுக்கு மேல் ஏறினால் குழாய் நலம், 6,000க்குக் கீழே நின்றால் கசிவு, உடனே திறந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். அழுத்தமானி காட்டியதோ சுமார் 6,600.

அந்த அழுத்த வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து, அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நிலத்தடி நீர் அறிஞர் பால் ஷியேவுக்கு அனுப்பினார்கள். மோட்டாரை நிறுத்தியதும் கிணற்றில் நீர் முதலில் விறுவிறுவென ஏறி, பிறகு தூரத்துப் பாறையிலிருந்து ஊறி வர வர மெல்ல ஏறுவதை நம் உழவர்கள் அறிவார்கள். எண்ணெய்ப் பாறையிலும் நடப்பது இதேதான், கணக்கும் இதேதான். நிலத்தடி நீருக்காக எழுதப்பட்ட மென்பொருளைக் கொண்டே அவர் இரவோடு இரவாகக் கணக்கிட்டார். வாரக்கணக்கில் எண்ணெய் வெளியேறியதால் பாறையின் அழுத்தமே குறைந்திருக்கலாம் என்று கொண்டால், கசிவு எதுவும் இல்லாமலே அந்த வளைவு அப்படியே பொருந்திவந்தது. ஏறிக்கொண்டே இருந்த அந்த வளைவை நம்பி, கடல்தரையை இடைவிடாமல் கண்காணித்தபடி, கிணற்றை மூடியபடியே விட்டார்கள்.

இந்த மென்பொருளுக்கு நிதி ஒதுக்கியவர் எவரும் எண்ணெய்க் கிணற்றை நினைத்திருக்க மாட்டார். உடனடிப் பயன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆய்வுகளின் நிதியை வெட்டுவது பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன்.

பாய்ச்சல் நின்றுவிட்டதால், மே மாதம் தோற்ற அதே உத்தி ஆகஸ்ட் 3 அன்று பலித்தது: அசையாதிருந்த எண்ணெயைச் சேறு மெல்லக் கீழே தள்ளியது, இரு நாளில் சிமெண்டும் இறங்கியது. மே முதலே பக்கத்திலிருந்து சாய்வாகத் தோண்டப்பட்டுவந்த நிவாரணக் கிணறு, செப்டம்பரில் அடியாழத்தில் மக்கோண்டோவைத் தொட்டு, குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியையும் சிமெண்டால் நிரப்பியது. செப்டம்பர் 19 அன்று கிணறு முற்றிலும் அடைக்கப்பட்டதாக அரசு அறிவித்தது.