தங்க ரோமமும் மூடிய பதிவேடும்

1956-இல் சோவியத் தலைவர் குருஷேவ் பிரிட்டனுக்குப் போனபோது, எலிசபெத் அரசிக்கு மெலெகுஷ் என்ற குதிரையைப் பரிசாகக் கொடுத்தார். பொன் பூசியதுபோல மின்னிய குதிரை. ஏதோ பாலிஷ் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்த லாயக்காரர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்களாம். ஈரம் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக மின்னியதாம். குதிரைப் பிரியர்கள் கூடுமிடமெல்லாம் சொல்லப்படும் கதை இது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்களோ என்னவோ, அந்த மினுமினுப்பு மட்டும் உண்மை.

மெலெகுஷ், அகால்-டெக்கே இனத்தைச் சேர்ந்தது. துர்க்மெனிஸ்தானில் கோபெட் டாக் மலையடிவாரத்தை ஒட்டிய பாலைச்சோலைப் பகுதிக்கு அகால் என்று பெயர். அங்கே வாழ்ந்த துர்க்மென் குலத்துக்கு டெக்கே என்று பெயர். உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்தாலும் சில ஆயிரம் குதிரைகள்தான் தேறும்.

மின்னுவதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ரோமத்தின் உள்ளமைப்பு. ஒரு ரோமத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளியே ஓடு வேய்ந்ததுபோலச் செதில்கள் இருக்கும். அதற்குள்ளே கெராட்டின் புரதம் நெருக்கமாக அடைந்த, ஒளி ஊடுருவக்கூடிய பகுதி. நிறமித் துகள்கள் இருப்பது இங்கேதான். நட்டநடுவில் காற்றறைகள் நிறைந்த மையத்தண்டு. காற்றறைகளில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறிவிடும். சோப்பு நுரை வெள்ளையாகத் தெரிவதும் இப்படித்தான். அகால்-டெக்கேயின் ரோமத்திலோ மையத்தண்டு மிக மெலிந்திருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். அதனால் உள்ளே நுழையும் ஒளி சிதறாமல், கண்ணாடிக் குச்சிக்குள் போய் வருவதுபோல வளைந்து வெளியே வருகிறது. ரோமமும் பட்டுநூல்போல மெல்லியது. குட்டையாக, தோலோடு படிந்து கிடக்கும்.

பொன்னிறம் வேறு கணக்கு. எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் வரும் ஒரு திரிபைக் 'க்ரீம்' என்பார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் செம்பழுப்புக் குதிரை பொன்னிறமாகும். இருவரிடமிருந்தும் வந்தால் நிறம் இன்னும் வெளிறி, பாலாடை நிறமும் நீலக் கண்ணுமாகப் பிறக்கும். மினுக்கமோ நிறத்தைப் பார்ப்பதில்லை. இந்த இனத்தில் கறுப்புக் குதிரைகூட எண்ணெய் தடவியதுபோலத்தான் நிற்கும்.

இந்த மெல்லிய ரோமமும் மெல்லிய தோலும் காரகும் பாலைவனத்தில் உடற்சூட்டை எளிதாக வெளியேற்ற உதவின. ஆனால் அங்கே இரவில் குளிர் வாட்டும். அதற்குத் துர்க்மென் குடும்பங்கள் கம்பளிப் போர்வைகளை அடுக்கடுக்காகப் போர்த்தின. மந்தையாக மேய விடுவதில்லை. கூடாரத்தின் அருகிலேயே கட்டி, பார்லியும் ஆட்டுக் கொழுப்பும் கொடுத்து, வீட்டு ஆளைப்போல வளர்த்தார்கள். எந்தக் குதிரைக்கு எது அப்பன், எது பாட்டன் என்பதெல்லாம் வாய்வழியாகவே தலைமுறை தாண்டி வந்தது.

சீனாவின் ஹான் பேரரசர் வூ, பொது ஆண்டுக்கு முன் 104 முதல் 101 வரை மத்திய ஆசியாவின் ஃபெர்கானா மீது படையெடுத்ததே 'இரத்த வியர்வை சிந்தும்' வானுலகக் குதிரைகள் என்று பேர்பெற்றவற்றுக்காகத்தான். அகால்-டெக்கேயின் மூதாதைகளே அவை என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்வார்கள். தோலுக்கடியில் வாழும் ஒரு ஒட்டுண்ணிப் புழு சிறு முடிச்சுகளை உண்டாக்கி, அவற்றிலிருந்து இரத்தம் கசிவது குதிரைகளில் உண்டு. 'இரத்த வியர்வை'க்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். வானுலகக் குதிரைக்குப் புழுத் தொல்லை என்றால் கவிதை கொஞ்சம் கெட்டுத்தான் போகிறது.

சரி, வாய்வழி வம்சம் காகிதத்துக்கு எப்படி வந்தது? 1881-இல் ரஷ்யப் படை துர்க்மென்களின் கியோக் டெப்பே கோட்டையைப் பிடித்தது. அந்தச் சண்டையில் குதிரைகளைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஒருவர் ரஷ்யப் படை அதிகாரி குரோபாட்கின். பின்னால் அந்தப் பகுதியின் ஆளுநரானதும் அஷ்காபாத் அருகே ஒரு குதிரைப் பண்ணையை அமைத்தார். இன்றைய ஆண் வரிசைகளில் பல, 1885-இல் பிறந்த பொய்நூ என்ற ஒரே பொலிகுதிரையிடம் போய்ச் சேர்கின்றன. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோவியத் காலத்தில் வேகம் கூட்டுகிறோம் என்று இங்கிலாந்தின் தாரோபிரெட் பந்தயக் குதிரையோடு கலப்பு செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. தாரோபிரெட்டின் தந்தைவழி ஒய் குரோமோசோமைத் தொடர்ந்து போனால், அது துர்க்மென் வகைக் குதிரைகளிடம்தான் கொண்டு சேர்க்கிறது என்று வியன்னா ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். போன சொத்து வேறு உருவத்தில் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கலப்புக் குட்டிகள் பாலையைத் தாங்கவில்லை. 1935-இல் துர்க்மென் சவாரிக்காரர்கள் அஷ்காபாத்திலிருந்து மாஸ்கோவுக்குக் குதிரையிலேயே போனார்கள். ஏறக்குறைய 4,300 கி.மீ., 84 நாள். காரகும் பாலைவனத்தில் தண்ணீர் அரிதான நெடுவழியை மூன்றே நாளில் கடந்தார்கள். கலப்புக் குதிரைகளைவிடத் தூய இனக் குதிரைகள் தெம்பாகப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு, கலப்பில் பிறந்தவை தூய இனமாகா என்று வம்சப் பதிவேட்டில் விதி வந்தது. இன விளம்பரத்துக்கு அந்தப் பயணத்தைவிட நல்ல வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

விளம்பரம் மட்டும் போதவில்லை. டிராக்டர் வந்த பிறகு குதிரை எதற்கு என்று 1950-களில் சோவியத் அரசு பண்ணைக் குதிரைகளை இறைச்சிக்கு அனுப்பியது. அகால்-டெக்கேகளும் தப்பவில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தது அப்சென்ட் என்ற கறுப்புப் பொலிகுதிரை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் செர்கேய் ஃபிலாடோவ் அதன்மேல் ஏறி டிரெஸ்ஸாஜ் போட்டியில் தங்கம் வாங்கினார். அப்புறம் டோக்கியோவில் வெண்கலம், மெக்ஸிகோவில் அணிக்கு வெள்ளி. பாலைவனத்து ஓட்டக் குதிரை, நளினமாக அடியெடுத்து வைக்கும் போட்டியில் ஜெயித்ததை இன்றும் இந்த இனத்தின் ரசிகர்கள் அலுக்காமல் சொல்கிறார்கள்.

ரசிகராக இருப்பது எப்போதும் சுகமான வேலையும் இல்லை. 1988-இல் மாஸ்கோ பயணத்தை மறுபடி நடத்திக்காட்டிய கெல்டி கியாரிசோவ், தன் நாட்டின் குதிரைத் துறைக்கே தலைவராக உயர்ந்தார். 2002-இல் கைதாகி, 2007-இல்தான் வெளியே வந்தார். துர்க்மெனிஸ்தானின் தேசியச் சின்னத்தின் நடுவில் இருப்பது ஒரு அகால்-டெக்கே. குதிரை அவ்வளவு பெரிய அரசியல் அங்கே.

இப்போது பொய்நூவுக்கு வருவோம். 1973 முதல், இரத்தப் பரிசோதனையில் தேறிய குட்டிகளுக்கு மட்டுமே பதிவேட்டில் இடம் என்றானது. வெளிக் கலப்பு நின்றது. ஆனால் கதவை மூடினால் உள்ளே இருப்பவர்கள் மெல்ல மெல்ல உறவினர்களாகிவிடுவார்கள். தாயின் வழியிலும் தந்தையின் வழியிலும் பொய்நூபோல ஒரே மூதாதை இருந்தால், அவரிடமிருந்த பழுதான மரபணு இரண்டு பக்கமிருந்தும் ஒரே குட்டிக்கு வந்து சேரலாம்.

அப்படி வந்ததுதான் 'மொட்டைக் குட்டி' நோய். குறைந்தது 1938-இலிருந்தே இந்த இனத்தில் ரோமமே இல்லாத குட்டிகள் பிறந்தது பதிவாகியிருக்கிறது. பட்டு ரோமத்துக்குப் பேர்போன இனத்தில்! அந்தக் குட்டிகள் சில வாரங்களிலோ, அதிகம் போனால் மூன்று வயதுக்குள்ளோ இறந்துவிடும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் காரணத்தைப் பிடித்தார்கள். எஸ்டி14 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, 'இங்கே நிறுத்து' என்ற கட்டளையாகிவிட்டது. தோலும் ரோமக்கால்களும் ஒழுங்காக உருவாகத் தேவையான நொதி பாதியில் நின்றுபோகிறது. மனிதரில் இதே மரபணு பழுதானால் தோல் செதில்செதிலாகி, முடி அடர்த்தியாக வளராது.

ஒரு பழுதுப் பிரதி மட்டும் உள்ள குதிரைக்கு எந்தக் குறையும் இல்லை. பளபளவென்று நிற்கும், பரிசும் வாங்கும். அதுபோன்ற இரண்டு சேர்ந்தால்தான் நாலில் ஒரு வாய்ப்பு மொட்டைக் குட்டிக்கு. பல ஆண்டுகள் எந்தப் பண்ணையாளருக்கும் முன்கூட்டியே தெரிய வழியிருக்கவில்லை. இப்போது பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ வேரோடு சில ரோமங்களைப் பிடுங்கி உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

பழுதைச் சுமக்கும் குதிரைகளை எல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாமே என்று தோன்றும். ஏற்கெனவே சிறிய இந்தக் கூட்டத்தில் அப்படிச் செய்தால், அவற்றோடு சேர்ந்து நல்ல மரபணு வேறுபாடுகளும் போய்விடும். மிச்சமிருப்பவை இன்னும் நெருங்கிய உறவாகி, அடுத்த நோய்க்கு வழி திறக்கும். அதனால் பழுதைச் சுமக்கும் பெண்குதிரையைப் பழுதில்லாத பொலிகுதிரையோடு சேர்க்கலாம். மொட்டைக் குட்டி பிறக்காது. பிறக்கும் குட்டிகளில் சராசரியாகப் பாதி அந்த எழுத்துப்பிழையைச் சுமக்கும். அவற்றின் ரோமத்தையும் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், தலைமுறை தலைமுறையாக.