பிறசர், கொதிப்பு, குருதியமுக்கம்: சிறுநீரகம் மாற்றிய பிள்ளைக்கு எந்தச் சொல்?

வன்னியில் 'பிறசர்' என்றால் ஒரு வருத்தத்தின் பெயர். "அப்பாவுக்குப் பிறசர்", "பிறசர் கூடிப்போச்சு" என்பார்கள். அது வயது போனவர்களுக்கு வருவது என்ற எண்ணமும் சொல்லோடு சேர்ந்தே வரும். அதனால், சிறுநீரகம் மாற்றிய ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிறசர் குளிசை எழுதினால் வீட்டார் திகைத்துப் போகிறார்கள். உண்மையில், மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கூடித்தான் இருக்கும்.

பிறசர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனின் 'பிரெமெரே', பொருள், அமுக்குதல். இதயம் தள்ளும் குருதி, அதை ஏந்திச் செல்லும் குழாயாகிய நாடியின் சுவரை அமுக்குகிற விசையே அது. எல்லோருக்கும் அது உண்டு, இல்லாவிட்டால் உயிரில்லை. கூடி நிற்பதுதான் வருத்தம். ஆகவே அளவின் பெயர் குருதியமுக்கம், வருத்தத்தின் பெயர் உயர் குருதியமுக்கம்.

தமிழ்நாட்டில் 'இரத்த அழுத்தம்' என்பார்கள். அதிலும் பிழையில்லை. இரத்தம் 'சிவந்தது' எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. குருதி சங்கத் தமிழ். குறுந்தொகையின் முதற் பாட்டு காந்தளை, அதாவது எங்கள் கார்த்திகைப்பூவை, 'குருதிப் பூ' என்கிறது. அமுக்கமும் இங்கே புதிய சொல்லல்ல. மாரியில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கத்தை வானொலியில் கேட்காத வீடு ஏது? அங்கே வளி அமுக்குகிறது, இங்கே குருதி.

கைவிட வேண்டிய சொல் 'இரத்தக் கொதிப்பு'. குருதி கொதிப்பதில்லை. கொதிப்பு என்றதும் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி, குளிர்ச்சிக்கு இளநீர் என்று மனம் ஓடிவிடும். இளநீரில் பொற்றாசியம் மிகுதி. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டக்ரோலிமஸ் என்ற மருந்து குருதியில் பொற்றாசியத்தை ஏற்றும். அமுக்கத்தைக் குறைக்கும் எனலாப்ரில் வகைக் குளிசையும் ஏற்றும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே குழம்பலாம். கிளினிக்கில் கேளாமல் இளநீர் கொடுக்கக் கூடாது. கொதிப்பு என்ற சொல்லுக்குக் கோபம், பதற்றம் என்ற பொருளும் உண்டு. பிள்ளை அமைதியாக விளையாடுகிறதே, பிறகென்ன என்று அளக்காமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையில் பட்டி கட்டி அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரொச்சி கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கக் காட்டினார். அளவு இரண்டு: இதயம் சுருங்கும்போது மேல் அளவு, தளரும்போது கீழ் அளவு. இரண்டும் மில்லிமீற்றர் பாதரசத்தில். வளர்ந்தவருக்குப் பழகிப்போன 120/80ஐப் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. 13 வயது வரை வரம்பு வயது, பால், உயரம் மூன்றையும் பார்த்தே அமையும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டியின்படி, ஆறு வயது ஆண்பிள்ளைக்கு 105/66 வந்தாலே மேலும் ஆராய வேண்டும். அந்த வயதில் 120/80 தெளிவாகக் கூடுதல்.

பட்டி பொருந்தாவிட்டால் அளவும் பொய். உள்ளிருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கையின் நடுச்சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், நீளம் 80 முதல் 100 சதவீதம். 20 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு 8 சென்ரிமீற்றர் அகலம். சிறிய பட்டி இல்லாத கூடுதலைக் காட்டும். பெரிய பட்டி இருக்கும் கூடுதலை மறைக்கும். பின்னதே ஆபத்து. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, பாதம் நிலத்திலோ பலகையிலோ பட, கை இதய மட்டத்தில் இருக்க வலக்கையில் அளக்க வேண்டும். குருதி சுத்திகரிப்புக்காக நாடியும் நாளமும் இணைத்த கையை விட்டுவிட வேண்டும். கிளினிக்கில் சரியாக இருந்து இரவில் ஏறும் பிள்ளைகளும் உண்டு. 24 மணிநேரக் கருவி கட்டினால்தான் அது பிடிபடும்.

ஏன் ஏறுகிறது? நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளில் பிரெட்னிசோலோன் உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், பசியைக் கூட்டி நிறையை ஏற்றும். டக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் நாடிகளை இறுக்கும். உள்ளே விடப்பட்ட பழைய சிறுநீரகங்களும் ரெனின் என்ற பொருளைச் சுரந்து அமுக்கத்தை ஏற்றிக்கொண்டிருக்கலாம். சீராக இருந்த அளவு திடீரென ஏறினால் நிராகரிப்பா, புதிய சிறுநீரகத்துக்குப் போகும் நாடி ஒடுங்கிவிட்டதா என்று உடனே பார்ப்பார்கள். தலையிடி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

பெரும்பாலும் ஓர் அறிகுறியும் இராது. நோவில்லாமலே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். அதை எக்கோ என்ற ஒலியலைப் பரிசோதனையில் காணலாம். குளிசை கொடுத்து, அமுக்கத்தை இறக்கி வைத்தால் அந்தத் தடிப்புக் குறையக்கூடியது. மருந்துகளில் அம்லோடிபின் வழக்கமானது. வேறு பிறசர் மருந்துகளான டில்ரியசெம், வெரபமில் இரண்டும் குருதியில் டக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். சிறுநீரக வைத்தியர் அறியாமல் வேறிடத்தில் எழுதிய பிறசர் குளிசையைத் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

உப்பு வன்னி வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், மிக்சர், நூடில்ஸ் பொட்டலத்துத் தூள், பாண். வளர்ந்தவருக்கே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பிள்ளைக்கு இன்னும் குறைவு. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உள்ளிறங்கிய உப்பு முழுதும் போகாது. 'குறைந்த சோடியம்' என்று விற்கும் மாற்று உப்பு வேண்டாம், பலவற்றில் பொற்றாசியமே உள்ளது.

தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை; கிளினிக்கில் சொன்ன அளவைச் சித்திரை வெயிலில் தவறவிட்டால் மாற்றுச் சிறுநீரகம் பாதிக்கப்படும். வயிற்றோட்டம், வாந்தி வந்தால் அன்றே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எனலாப்ரில் போன்றவற்றைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். காய்ச்சலுக்கு இபுபுரூபன், டைக்ளோபினக் தொடக் கூடாது. பரசிற்றமோலைப் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் கொடுத்து, காய்ச்சலையும் அதே நாளில் கிளினிக்குக்கு அறிவிக்க வேண்டும்.