கீறல் விழாத ஹெல்மெட்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்த இளைஞர் ஒரு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். "அண்ணன் வண்டியில இருந்தது டாக்டர்." திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் நிற்கும் சந்திப்பு வந்தால் தலையில் ஏறுமாம், தாண்டியதும் மறுபடி கண்ணாடியில் தொங்குமாம். அண்ணனின் மண்டையோட்டில் ஒரு பகுதியை அன்று காலையில்தான் எடுத்திருந்தோம். ஒரே மாதத்தில் நான் இப்படிப் பார்க்கும் மூன்றாவது ஹெல்மெட் இது. எழுத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் தலையைக் காக்குமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. இறப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை எப்போதோ சொல்லியாயிற்று. எங்கள் துறையில் இது இன்னும் பழைய கதை. 1935-ல் மோட்டார் சைக்கிளில் இருந்து தூக்கி எறியப்பட்ட, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் லாரன்ஸ் போய்விட்டார். கேர்ன்ஸ் அதை விடவில்லை. வண்டியில் விழுந்து வந்த தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941-ல் கட்டுரை எழுதினார். ராணுவம் செவிசாய்த்தது. பிரிட்டனில் எல்லோருக்குமான கட்டாயச் சட்டம் வர 1973 ஆனது. அதற்கு 21 ஆண்டுகள் முன்பே கேர்ன்ஸ் இறந்திருந்தார்.

என்னைப் படுத்துவது வேறு ஒன்று. "என் தலை, என் விருப்பம். இதற்கு எதற்குச் சட்டம்? எல்லாம் அபராதம் பிடுங்கத்தான்." நன்றாகப் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள், அதுவும் வார்டு வராந்தாவில் நின்றுகொண்டு.

சரி, விருப்பத்துக்கே விட்டால் என்ன ஆகும்? செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2000-ல் சட்டத்தைத் தளர்த்தியது. 21 வயது முடிந்து, 10,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடும் இருந்தால் வெறுந்தலையோடு போகலாம். இறப்புகள் ஏறின. சட்டம் இன்னமும் கட்டுப்படுத்திய 21 வயதுக்குக் கீழானவர்களிடமும் ஏறின. போகிற வண்டியைப் பார்த்து ஓட்டுபவரின் வயதை எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்? வயது, தூரம், ஊருக்குள், ஊருக்கு வெளியே என்று எதை விலக்கினாலும் சட்டம் அந்த ஓட்டை வழியாக ஒழுகிவிடும். (காப்பீட்டுத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை: கடுமையான மூளைக்காயத்தோடு வருபவருக்கு அது சில நாட்கள்கூடத் தாங்காது.)

அபராதம் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்தால்? மேற்கு ஜெர்மனி 1976-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது, ஆனால் அபராதம் வைக்கவில்லை. பலர் கண்டுகொள்ளவே இல்லை. 1980-ல் அபராதம் வந்த பிறகுதான் கிட்டத்தட்ட எல்லோரும் அணிந்தார்கள். கூடவே ஒரு வேடிக்கையும் நடந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் திருட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வண்டியைக் கண்டதும் கைவைப்பவன் கையோடு ஹெல்மெட்டா கொண்டுவருவான்? வெறுந்தலையோடு போனால் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆக, நீங்கள் திட்டும் அந்த அபராதம்தான் சட்டத்துக்கே உயிர். அது வலித்தால் நல்லது. நாங்கள் தரும் வலி அதைவிட மோசம்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் என்னால் திட்ட முடியவில்லை, கெஞ்சத்தான் வருகிறது. வியட்நாமில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்கள் ஒரே மூச்சில் மாறினார்கள். பிள்ளைகள் தலையில் மட்டும் ஒன்றும் இல்லை. பிள்ளை அணியாததற்குப் பெற்றோருக்கு அபராதம் கிடையாது, அப்புறம் ஹெல்மெட்டின் எடை பிஞ்சுக் கழுத்தை ஒடித்துவிடும் என்ற பயம் வேறு. 2010-ல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். கழுத்துப் பயம் பெரியவர்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டபோது, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கழுத்தெலும்புக் காயம் 22 சதவீதம் குறைவாகவே இருந்தது. அவ்வளவுதான், கழுத்தை விடுங்கள்.

உங்கள் கையில் இல்லாதவையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு சடாரென்று பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். மலேசியா 1992-லேயே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்றது. இவற்றை அரசுகளிடம் கேட்டு வாங்குவோம்.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். தரமுத்திரை இல்லாத ஹெல்மெட் வேண்டாம், அது தொப்பி. ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள், நன்றாகத்தானே இருக்கிறது என்று தம்பிக்குக் கொடுக்காதீர்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை உண்டு. குடித்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, தாடை வாரைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே உங்களை விட்டுத் தனியாக உருண்டுவிடும். பூட்டிய பிறகு பின்பக்கத்தில் கைவைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் வாரை இறுக்குங்கள். இறுக்கியும் கழன்றால் அது உங்கள் அளவு இல்லை.