ட்யூனரில் பச்சை எரிந்தால் ஸ்ருதி சேர்ந்துவிட்டதா?

2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல்தான் என் கர்நாடக வயலின் வகுப்பை இணையத்துக்கு மாற்றினேன். ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டொரொண்டோவில் இருக்கும் ஒரு மாணவி நீளமாக வில் போட்டால், நாதம் பாதியிலேயே தேய்ந்து காணாமல் போகும். வில்லில் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து, மூன்று வாரம் வெறும் சட்ஜத்தையே, அதாவது 'ஸ'வையே, இழுக்க வைத்தேன். பாவம், அதுவும் கை வலிக்க இழுத்தது. பிறகு அதன் அம்மா ஃபோனில் பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டால், வில்லில் ஒரு குறையும் இல்லை. நாதத்தை விழுங்கியது நாங்கள் பேசிக்கொண்டிருந்த செயலி.

இந்த வகைச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் நீளும் எந்த ஒலியையும் மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். நாம் நீள வில் என்று பாராட்டுவது அதற்கு இரைச்சல். பின்னணியில் ஸ்ருதிக்காக இடைவிடாமல் ஒலிக்கும் தம்பூராவுக்கும் இதே கதிதான். இப்போது ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மாணவர் பக்கத்தில் போட வேண்டும். நான் மட்டும் போட்டுக்கொண்டால் என் வாசிப்புதான் அங்கே நன்றாகக் கேட்கும். கூடவே எதிரொலி நீக்கத்தையும் நிறுத்தினால் ஹெட்ஃபோன் கட்டாயம்.

சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து டொரொண்டோ 13,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு வழிக்கே 65 மில்லி நொடி போய்விடுகிறது, மற்ற தாமதமெல்லாம் அதற்கு மேல். 30 மில்லி நொடி தள்ளிப் போனாலே தாளம் இழுபடத் தொடங்கும். அதனால் தம்பூராவும் தாளமும் மாணவர் வீட்டிலேயே ஒலிக்கட்டும். அப்புறம், கேமரா. நாம் தரையில் உட்கார்ந்து வலது காலில் வயலினின் தலையைத் தாங்கி வாசிக்கிறோம். மடிக்கணினியை மேசையில் வைத்தால் எனக்குத் தெரிவது குழந்தையின் உச்சந்தலைதான். ஃபோனை ஒரு மணையில் சாய்த்து வைத்தால் இரண்டு மணிக்கட்டும் தெரியும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, ஸ்வரம் சேர்ந்தால் பச்சை காட்டும் ட்யூனர் செயலிதான். ஒரு அம்மா கேட்டார்: "மிஸ், நீங்க சரின்னு சொல்றீங்க, ட்யூனர்ல காந்தாரம் ('க') கம்மின்னு காட்டுதே?"

இரண்டுமே உண்மை. பெரும்பாலான ட்யூனர்கள் ஸ்தாயியை, அதாவது 'ஸ' முதல் மேல் 'ஸ' வரை, பன்னிரண்டு சம பங்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 100 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு) தருகின்றன. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் என்கிற பெரிய 'க' சட்ஜத்திலிருந்து 400 சென்டில் நிற்க வேண்டும். ஆனால் நன்றாகச் சேர்ந்த தம்பூராவில் சட்ஜத் தந்தியை மீட்டினால், அதற்குள்ளேயே ஒரு காந்தாரம் கேட்கும். அது 386-இல் இருக்கிறது. முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தானே தொடங்குகிறோம்? ஆக, முதல் மாதமே குழந்தை அந்தர காந்தாரத்தைத் தொடுகிறது. பச்சை எரிய வேண்டும் என்று விரலை நகர்த்தினால் தம்பூராவை விட்டு விலகுகிறது. மேற்கத்திய இசைக்கான சில மென்பொருள்கள் அச்சிட்ட ஸ்வரங்களைச் சரி தவறு என்று நிறம் காட்டித் திருத்துகின்றன. அங்கே அது பயன்படும். நம் தோடி ராகத்துக் காந்தாரத்தை எப்படித் திருத்தும்? அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. முள் அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி.

என் வகுப்பில் ட்யூனர் தந்திகளைச் சேர்க்க மட்டும். அவற்றைச் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் ('ப') தானே சேர்க்கிறோம்; பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், பெரிதாக உறுத்தாது.

சரி, மதிப்பீடு? லண்டனின் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியம் 2020-இல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு தேர்வில் நான்கு உருப்படிகளையும் இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக அனுப்ப வேண்டும். அந்த விதியை நான் வர்ணத்துக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு காலமும் (இரண்டு வேகமும்) ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு கூடாது, தம்பூரா கேட்க வேண்டும். பதினைந்து முறை எடுத்துவிட்டு நல்லதை மட்டும் அனுப்புகிறார்கள் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். பதினைந்து முறை வாசித்தார்களே, எனக்கு அது போதும்!

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தால் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (ஒரு முழுத் தாளச் சுற்றுக்கும்) எத்தனை நொடி ஆகிறது என்று அளந்துவிடலாம். சரணத்தில் வேகம் எடுக்கும் பிள்ளைகளிடம் "ஓடுறே" என்று பத்து முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இதைக் காட்டினால் நம்புகிறார்கள். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, புரியாதபோது யூடியூபில் பாதி வேகத்தில் கேட்கச் சொல்கிறேன். அதோடு ஒவ்வொரு மாத முதல் வாரமும் ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் அதே ஒரு ஜண்டை வரிசையைப் பதிவு செய்து, தேதி போட்டு ஒரு கோப்புறையில் வைக்க வேண்டும்.

போன மாதம் அந்த டொரொண்டோப் பெண்ணுக்கு அதன் முதல் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது யாரு மிஸ்?" என்றது.