கேபிளை உருவிப் பாருங்கள்

தொழிற்சாலைகளில் "எங்கள் அசெம்பிளி லைனில் ஸ்டேஷன் வாரியாகக் கண்ட்ரோலைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம்" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டேஷனுக்கு ஓர் ஐஓ பெட்டி (சென்சார், மோட்டார் ஒயர்கள் வந்து சேரும் பெட்டி) இருக்கும். புரோகிராம் மட்டும் மொத்தமாக ஒரே பிஎல்சியில், அதாவது இயந்திரங்களை இயக்கும் ஒரே கணினியில். பிரிந்தது ஒயரிங்தான்.

முன்பு இயந்திரங்களை இயக்கியது ரிலே எனும் மின்சுவிட்சுகள். கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனலில் ஒயரை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. அதனால்தான் 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு மாற்றுவழி கேட்டது. பிஎல்சி வந்தது அப்படித்தான். இன்று ஒரு கிளாம்ப்பின் டைமரை மாற்றினால் எல்லா ஸ்டேஷனையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றால், பழைய ரிலே பேனலுக்கே திரும்பிவிட்டோம்.

சரி, ஸ்டேஷனுக்கு ஒரு கண்ட்ரோலர் வைத்தாயிற்று. சிக்கல் இருப்பது பாகம் கைமாறும் இடத்தில். நான் கமிஷனிங் செய்த (சோதித்து ஓடவைத்த) ஒரு லைனில் நெட்வொர்க் ஒரு கணம் அறுந்தது. அடுத்த ஸ்டேஷன் கடைசியாக அனுப்பிய "தயார்" பிட் (1 என்றால் தயார், 0 என்றால் இல்லை), பாகத்தைத் தூக்கி வைக்கும் டிரான்ஸ்ஃபரின் மெமரியில் 1 ஆகவே நின்றுவிட்டது. பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரில் ஏற்கெனவே ஒரு பாகம் இருக்க, டிரான்ஸ்ஃபர் இன்னொன்றை அதன் மேலேயே இறக்கியது. பாகத்தைப் பற்றும் கிரிப்பர் வளைந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. அந்த லாஜிக்கை எழுதியது நான்.

அதற்கப்புறம் ஒற்றை பிட்டை நம்பி எதையும் நகர்த்துவதில்லை. ஒவ்வொரு கண்ட்ரோலரும் ஓர் எண்ணை ஓயாமல் கூட்டி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண் நின்றால், எதிர்ப்பக்கம் வந்த சிக்னல்களையெல்லாம் 0 என்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கண்ட்ரோலர் கேட்டு, மற்றது ஒப்புக்கொண்டு, முடிந்ததும் இரு பக்கமும் பிட்டுகளை அழித்துவிட்டுத்தான் அடுத்த பாகம். ஃபிக்ஸ்சரில் பாகம் இருக்கிறதா என்பதை அங்கிருக்கும் சென்சார்தான் சொல்ல வேண்டும். மின்சாரம் போய் வந்த பிறகு மெமரியில் இருப்பதை நம்பக் கூடாது.

2005இல் வெளியான ஐஇசி 61499 தரநிலையில், நிகழ்வுகளால் இயங்கும் ஃபங்ஷன் பிளாக்குகள் (புரோகிராமின் தனித்தனித் துண்டுகள்) இருக்கின்றன. இப்படிப் பிரித்த கண்ட்ரோலை எழுத அவை உதவும். எங்கே பிரிப்பது என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். இயந்திரத்தில் எந்தப் பகுதியைத் தனியாகக் கழற்றி எடுத்துப்போக முடியுமோ, கண்ட்ரோலிலும் அதையே ஒரு தொகுதியாக வைப்பது என் வழக்கம்.

எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் இப்படிப் பிரிக்கும் கணக்கில் வராது. ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் பக்கத்து ஸ்டேஷன் அசையும் என்றால், இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

லைனை ஒப்படைக்கும் முன், கூண்டுக் கதவைப் பூட்டி, வேகத்தைக் குறைத்து, பாகம் கைமாறும் நேரம் பார்த்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். திரும்பச் செருகியதும் எதுவும் தானாக நகரக் கூடாது. நகர்ந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.